மதிலில் வைத்த மாதா

எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், செபமாலை சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை என்பார்கள். செத்தவீடு, முப்பத்தோராம் நாள், ஒக்டோபர் மாதத்து மாதா வணக்கம், எதுவென்றாலும் எமில்டா அக்காவைக் கூப்பிடு. நானும் வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு போய், முன்னுக்கு முழந்தாளில் இருந்து தொடங்கிவிடுவேன். என் குரலில் ஒரு உருக்கம் இருக்கிறதாம். சுவாமியார் ஒருமுறை பிரசங்கத்திலேயே அதைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மைக் காரணம் வேறு. செபமாலையில் முன்னுக்குச் சொல்கிறவர் பரலோக மந்திரத்தின் முதற்பாதியோடு நிறுத்திவிடுவார். பின்பாதி சனத்துக்கு. எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம், அப்படியே நீரும் எங்களை மன்னியும் என்று கேட்கிற இடம் அந்தப் பின்பாதியில்தான் வருகிறது. முன்னுக்கு இருந்தால் அதை நான் வாயால் சொல்லத் தேவையில்லை. பூசையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது மட்டும் அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். கடவுளுக்கு முன்னால் பொய் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் வைத்திருந்தேன். பத்து வருடம் இப்படி ஓடியது. ஊருக்கு நான் பக்தியான பெண்.

நான் மன்னிக்காத ஆள் பக்கத்து வளவில் இருந்தான். அல்போன்ஸ், என் கூடப்பிறந்த தம்பி. அப்பாவின் காணியை இரண்டாக்கியபோது நடுவில் கட்டிய நெஞ்சளவு மதில் ஒன்றுதான் எங்களுக்கு இடையில் இருந்தது.

என் மனுசன் மகனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். நிக்சனைத் தூக்கி வளர்த்தது அல்போன்ஸ்தான். அதை நான் மறைக்கமாட்டேன். நீந்தப் பழக்கியது, படிக்காவிட்டால் அடித்தது, உறுதிபூசுதலுக்குக் காற்சட்டை தைப்பித்தது எல்லாம் அவன். படகில் ஏற்றியதும் அவன்தான். அந்தக் காலத்தில் துறைமுகத்து வாயைத் தாண்டிப் போய் வெடி போட்டு மீன் பிடிக்கிற பழக்கம் அவனுக்கு இருந்தது. வெடியை எறிந்தால் மீன் செத்து மிதக்கும், அள்ளிக்கொண்டு வரவேண்டியதுதான். சட்டத்துக்கும் விரோதம், கடலுக்கும் கேடு. ஒருநாள் எறிவதற்கு முன்னம் படகிலேயே வெடித்தது. நிக்சனுக்குப் பத்தொன்பது வயது. பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று சொன்னார்கள். நான் திறக்கவில்லை.

அல்போன்சுக்கு இடக்கையில் இரண்டு விரல் மட்டும் போனது. வெடி மருமகன் நிக்சன் கொண்டுவந்தது, தனக்கு எதுவும் தெரியாது என்று கட்டிலில் படுத்தபடியே பொலிசுக்கு வாக்குமூலம் கொடுத்தான். கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"செத்தவனைப் பிடிச்சு அடைக்க ஏலாதுதானே அக்கா. எனக்கு ஒரு பெட்டைப்பிள்ளை கிடக்கு."

அவன் பெண்சாதி கொறற்றி, பன்னிரண்டு வயது மகள் ஷெறோமியையும் இழுத்துக்கொண்டு வந்து என் காலைப் பிடித்தாள். நான் பொலிசில் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காத கோபத்தையும் சேர்த்து அவன் தலையில்தான் போட்டேன். என் பிள்ளையின் பெயரில் குற்றத்தை எழுதி வழக்கை மூடினார்கள். கொஞ்சக் காலம் சந்தையில் என்னை வெடிக்காரன்ர தாய் என்றார்கள். அதற்குப் பிறகுதான் செபமாலை அக்கா ஆனேன்.

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லாமல் இல்லை. சகோதரனை வெறுப்பதும் கொலைதான் என்றார். மனதில் அன்பு ஊறட்டும் என்று காத்துக்கொண்டிருக்கவேண்டாம், முதலில் கையால் ஒரு காரியம் செய்யுங்கள், மனம் பின்னால் வரும் என்றார். நல்ல மனுசன், பிள்ளையைப் பெட்டியில் வைத்துப் புதைத்தவர் இல்லை. ஓம் சுவாமி என்று சொல்லிவிட்டு வந்து, அல்போன்ஸ் விடியக்காலையில் இருமுகிற சத்தம் கேட்காமல் இருக்க றேடியோச் சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

ஒக்டோபர் மாதத்தில் எங்கள் பக்கத்தில் மாதா சுரூபம் வீட்டுக்கு வீடு போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். அடுத்த நாள் பின்னேரம் அந்த வீட்டுக்காரரே சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுப் படலைக்குப் போகவேண்டும். அந்த வீட்டார் கொளுத்திய மெழுகுதிரியோடு வந்து நிற்பார்கள். கையிலிருந்து கைக்குத்தான் கொடுப்பது. நிலத்தில் வைக்கக்கூடாது, ஆளில்லாமல் விடக்கூடாது. கொண்டுவந்தவர் உள்ளே போய் செபமாலையின் முதல் பத்து மணியாவது சேர்ந்து சொல்லிவிட்டுத்தான் திரும்பவேண்டும். கோபதாபம் உள்ள வீடுகள் இதனாலேயே சமாதானமாகட்டும் என்று முந்திய சுவாமியார் ஒருவர் வைத்த ஒழுங்காம்.

ஒழுங்கையில் என் வீட்டுக்கு அடுத்தது அல்போன்சின் வீடு. பத்து வருடமும் நான் இதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். எதிர்வீட்டுத் தங்கரத்தினம் சைவக்காரி. நான் கேட்டால் தலைக்குக் குளித்து, செருப்பில்லாமல் வந்து, என் கையிலிருந்து மாதாவை வாங்கி, பக்கத்துப் படலையில் கொறற்றியின் கையில் கொடுத்துவிடுவாள். காரணம் ஒன்றும் கேட்கமாட்டாள், தாய் எல்லாருக்கும் தாய்தானே என்பாள். ஊருக்கும் இது பழகிவிட்டது. இந்துக்கள் வேதக்காரர் ஒற்றுமை என்று சுவாமியார் இதையும் மெச்சினார்.

இந்த வருடம் தங்கரத்தினத்தின் தங்கச்சி வழிப் பெறாமகளுக்குப் பிள்ளை பிறந்து, அவள் கிளிவெட்டிக்குப் போய்விட்டாள். அல்போன்சுக்கு ஈரலில் கான்சர் என்று சித்திரையிலேயே தெரியும். ஒக்டோபர் வந்தபோது அவன் கட்டிலோடு இருந்தான். கால் இரண்டும் வீங்கி, முகம் மஞ்சளாகி இருக்கிறதென்று சனம் சொல்லும். நான் பார்க்கவில்லை.

மாதா என் வீட்டுக்கு வருவதற்கு முதல் ஞாயிறு, கோயில் வாசலில் கொறற்றி என்னைப் பிடித்து நிறுத்தினாள். பத்து வருடத்தில் நாங்கள் இருவரும் தலையாட்டுவதோடு சரி.

"மச்சாள், இந்த முறை மாதாவை நீங்களே கொண்டுவரட்டாம். அவருக்குச் சனத்துக்கு முன்னால ஒரு கதை சொல்லக் கிடக்காம். நீங்கள் இருக்கவேணுமாம்."

என்ன கதை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சாகப்போகிறவன் சுகமாகச் சாக வேண்டும். அதற்கு நான் போய்ச் சனத்துக்கு முன்னால் தலையைத் தடவி, உன்னை மன்னித்தேன் தம்பி என்று அழவேண்டும். நிக்சன் செத்தும் அவனுக்குப் பயன்பட்டான், இனி நானும் பயன்படவேண்டும். பார்ப்பம் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். அந்த வாரம் முழுக்க, மன்னிக்காமல் இருக்க எனக்கு உரிமை இருக்கிறதென்று மனதுக்குள் வழக்காடிக்கொண்டே திரிந்தேன்.

வியாழக்கிழமை மாதா என் வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கொடுக்கவேண்டும். ஆறு மணிக்குச் சனம் அல்போன்ஸ் வீட்டுக்குச் செபத்துக்கு வரும். ஐந்தரைக்குச் சுரூபம் போகவேண்டும். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னம் கொறற்றி குடையோடு படலையைத் திறந்து கடைப்பக்கம் போவதைக் கண்டேன். வருகிற சனத்துக்குப் பணிசும் தேயிலையும் வாங்கப் போயிருப்பாள். ஷெறோமி வேலையால் வருவது ஆறு மணிக்கு. அவன் தனிய இருக்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு படலைக்குப் போகவில்லை. மதிலடிக்குப் போனேன். கீறல் விழக்கூடாதென்று, அதற்கென்றே நான் பின்னிவைத்திருந்த வெள்ளைத் துணியை மதிலின்மேல் விரித்து, மாதாவை அதன்மேல் வைத்தேன். "மாதா வந்திருக்கு" என்று கட்டிலில் கிடக்கிறவனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் கொறற்றி வந்து எடுப்பாள் என்று குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

மழை பிடித்தது. முதலில் தூறல், பிறகு உட்துறைமுகத்துப் பக்கம் முழுக்க வெள்ளையாக மறைத்துக்கொண்டு வந்தது. மாதாவை எடுக்கப் போகத்தான் எழும்பினேன். குசினி ஜன்னலால் பார்த்தபோது அல்போன்ஸ் விறாந்தையில் நின்றான்.

அவனை அப்படி நான் நினைத்திருக்கவில்லை. இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் இரண்டு எலும்பு நின்றது. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் மெழுகுதிரி வைத்திருந்தான். கொளுத்திய திரி. முற்றத்தில் இறங்கினான். நாலு அடி வைக்கத் திரி அணைந்தது. அவன் அணைந்த திரியோடு வந்து எடுத்திருக்கலாம். திரும்பிப் போனான். விறாந்தைக்குள் நின்று நெருப்புக்குச்சி தட்டித் திரும்பவும் கொளுத்திக்கொண்டு, விரல் இல்லாத கையால் மறைத்துக்கொண்டு இறங்கினான். மழையில் அது திரும்பவும் அணைந்தது. இந்த முறை அப்படியே வந்து மதிலடியில் நின்றான்.

"அக்கா" என்றான்.

நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். அவன் கண்ணுக்கு நான் தெரியவில்லை. நான் மதிலுக்கு இந்தப்பக்கம் எங்கேயோ மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன், வந்து தூக்கித் தரப்போகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். மாதா அவன் முகத்துக்கு நேரே இருந்தாள், கையை நீட்டினால் எடுக்கலாம். அவன் எடுக்கவில்லை. கையை மட்டும் ஏந்திக்கொண்டு நின்றான். நான் கொடுக்கவேண்டும். அதுதான் ஒழுங்கு. எடுடா, எடுத்துக்கொண்டு போ என்று நான் மனதுக்குள் சொன்னேன். இன்னொரு தடவை அக்கா என்றான். என் கால் போகவில்லை என்று சொன்னால் அது பொய். நான் காலைப் போகவிடவில்லை.

கடைசியில் அவனே எடுத்தான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினான். பிறகு விழுந்தான்.

உடனே ஓடினேன் என்று சொல்ல எனக்கு ஆசை. எழும்பிவிடுவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லிமுடிக்கிற நேரம் இருக்கும். கேத்தல் கொதித்து மூடி ஆடத் தொடங்கியது. அதை இறக்கிவைத்துவிட்டுத்தான் போனேன்.

அவன் மல்லாக்கக் கிடந்தான். சுரூபம் உடையவில்லை, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. சேற்றில் இருந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். சின்ன வயதில் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். தம்பி, தம்பி என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் பத்து வருடத்துக்குப் பிறகு என் வாயில் வந்தது. அவனுக்குக் கேட்கவில்லை.

அந்த நேரம்தான் கொறற்றி குடையோடு படலையைத் திறந்தாள். அவள் பின்னாலேயே செபத்துக்கு வந்த இரண்டு மூன்று பேர். அவர்கள் கண்டது இதைத்தான்: மழையில் தம்பியை மடியில் வைத்து அழுகிற அக்கா, தம்பியின் நெஞ்சில் மாதா.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு சொல்லும் கதைக்காமல் விடியக்காலையில் போய்விட்டான். அடக்கப் பூசையில் சுவாமியார் என்னைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். கையிலிருந்து கைக்கு ஒரு தாயைக் கொடுத்து, பத்து வருடப் பகையைப் பத்து நிமிடத்தில் ஒரு சகோதரி கழுவிவிட்டாள் என்றார். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் இருந்துகூட வந்த சொந்தம் என் கையைப் பிடித்து முத்தமிட்டது. நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருக்க எனக்கு முன்னமே பழக்கம் உண்டு.

எட்டாம் நாள் முடிந்து சனம் போனபிறகு கொறற்றியிடம் போனேன். உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். அவள் அல்போன்சின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கதிரையைக் காட்டினாள். நான் தொடங்குவதற்கு முன்னம் அவளே கதைத்தாள். அன்றைக்கு அவன் சனத்துக்கு முன்னால் சொல்லவிருந்த கதையைச் சொன்னாள்.

வெடி தன்னுடையது என்று சொல்லத்தான் இருந்தானாம். நிக்சனுக்கு அதில் என்ன இருந்ததென்றே தெரியாது, அன்றைக்கு முதல்தரம் கூட்டிக்கொண்டு போனது, கையில் பிடி என்று கொடுத்தது எல்லாம் தான்தான் என்று மாதாவுக்கும் எனக்கும் ஊருக்கும் முன்னால் சொல்லப்போகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிச்சொல்லிப் பழகினானாம். மருந்து போட்டால் நித்திரையாகிவிடுவேன் என்று அன்று மத்தியானம் நோவுக்குக் குளிசைகூடப் போடவில்லையாம்.

என் பிள்ளையின் பெயரைக் கழுவுகிற ஒரே வாய் அதுதான். அதைத்தான் நான் மழைக்குள் நிறுத்திவைத்தேன்.

அப்ப நீ சொல்லு, முப்பத்தோராம் நாள் சனத்துக்கு முன்னால் நீ சொல்லு என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். ஷெறோமிக்குத் தை மாதம் கலியாணம் என்றாள். தகப்பன் அப்படிப்பட்டவன் என்று மாப்பிள்ளை பகுதிக்கு இனி ஏன் தெரியவேண்டும் என்றாள். நீங்கள்தான் மன்னித்து மாதாவைக் கொடுத்தீர்களே, மன்னித்த பிறகு அதைக் கிளறுவது ஏன் என்றும் கேட்டாள்.

"நான் குடுக்கேல்ல கொறற்றி" என்றேன்.

அவள் எழும்பி அலுமாரியைத் திறந்தாள். தோய்த்து அயன் பண்ணி நாலாக மடித்த வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நான் பின்னியது.

"இது மதிலுக்கு மேல நனைஞ்சு கிடந்தது மச்சாள். அண்டைக்கே எடுத்திட்டன். கையில குடுக்கிறவை மதிலில துணி விரிக்கமாட்டினம் எண்டு எனக்கும் தெரியும்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஊர் என்ன நினைக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்றாள். தன் மனுசன் அக்காகூட மன்னிக்காமல் செத்தான் என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது, மகளுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். நீங்களும் அதை மாத்தாதீங்கள் என்றாள். பத்து வருடத்துக்கு முன்னம் என் வாயை அடைத்தவளும் இவள்தான், இப்போதும் இவள்தான். ஆனால் இந்த முறை எனக்கு அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எழும்பும்போது கேட்டேன், என்னை மன்னிப்பியா என்று.

"அதை மட்டும் கேக்காதீங்கள். அவர் உங்களிட்ட அதுக்குத்தான் பத்து வருசம் காத்துக்கிடந்தவர்" என்றாள். பிறகு அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள்.

முப்பத்தோராம் நாள் அவர்கள் விறாந்தையில் பாய் விரித்து, அதே சுரூபத்தை மேசையில் வைத்திருந்தார்கள். நாற்பது பேருக்குமேல் சனம். வழக்கம்போல எனக்கு முன்னுக்கு இடம் விட்டார்கள். நான் போகவில்லை, சனத்தோடு சனமாக இருந்தேன். யார் தொடங்குகிறது என்று ஆளையாள் பார்த்தார்கள். கொறற்றி வெள்ளைச் சேலையோடு எழும்பி முன்னுக்கு வந்து முழந்தாளில் இருந்தாள்.

"இனி ஒழுங்கையில செபமாலை நானே சொல்லுறன்" என்றாள்.

சனம் உருகிப்போனது. பாவம், மனுசன் போன துக்கத்தில் மாதாவைப் பிடித்துக்கொள்கிறாள் என்று எனக்குப் பக்கத்தில் ஒருத்தி மூக்கைத் துடைத்தாள். அவள் ஏன் முன்னுக்குப் போனாள் என்று அந்த விறாந்தையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பரலோக மந்திரத்தின் முதற்பாதியை அவள் தெளிவாகச் சொல்லி நிறுத்தினாள். பின்பாதியைச் சனத்தோடு சேர்ந்து நான் சொன்னேன், பத்து வருடத்தில் முதல்தரமாக, ஒரு சொல் விடாமல், அவள் முதுகுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக. மன்னிக்கிறோம் என்றேன், மன்னியும் என்றேன். அவள் திரும்பவில்லை. விரலிலிருந்த மணியைத் தள்ளிவிட்டு அடுத்ததைத் தொடங்கினாள்.